தினசரிப் பை, குடும்பப் பயணம், நண்பர்கள் கல்யாணம்: மூன்றுக்கும் ஒரே மிரர்லெஸ் கேமரா

வாரநாளில் வேலைக்கோ வகுப்புக்கோ போகும் பையில் கிடக்க வேண்டும். விடுமுறையில் குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் தோளில் தொங்க வேண்டும். இருபதுகளின் பின்பாதியில் வரிசையாக வரும் நண்பர்களின் கல்யாணங்களிலும் கைகொடுக்க வேண்டும். இத்தனைக்கும் ஒரே கேமரா போதுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பிட்ட ஒரு மாடலைப் பற்றிய விமர்சனம் இல்லை இது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (பழைய ஃபிலிம் சட்ட அளவான முழு ஃபிரேமைவிடச் சிறியது) உள்ள பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, அதோடு வரும் 16-50 மி.மீ. கிட் லென்ஸ், தனியாக வாங்கும் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும்), தலையைத் திருப்ப முடிகிற ஒரு சிறிய ஃபிளாஷ். இந்த வகைப் பொருட்களை நெடுநாள் புழங்கியதில் தெரிய வந்தவை இவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்பில் எந்த பாடியை வாங்கினாலும் படத்தில் பெரிய வேறுபாடு வராது. 35 மி.மீ. லென்ஸும் 'குறைந்தபட்ச ஷட்டர் வேகம்' என்ற ஒரே ஒரு அமைப்பும்தான் ஒரு படம் தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

அந்த அமைப்பையே முதலில் பார்ப்போம். கேமராவை அபெர்ச்சர் முன்னுரிமையில் (லென்ஸ் வாயின் அளவை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை) வைத்து, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, தானியங்கியாக விட்டால், வெளிச்சம் குறையும்போது பெரும்பாலான கேமராக்கள் ஷட்டரை 1/60 வினாடி, சில நேரம் அதற்கும் கீழே இறக்கிவிடும். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று நம்பக் கூடாது. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். எதிரில் சிரித்தபடி தலையைத் திருப்புகிறவரை நிறுத்திவைக்காது. மெனுவில் தானியங்கி ஐஎஸ்ஓவின் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என்றும் ஐஎஸ்ஓ உச்சவரம்பை 6400 என்றும் வைத்துவிடுங்கள். உட்கார்ந்து பேசுபவர்களுக்கு 1/125 போதும். நடப்பவர்களுக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500. ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் மணல் தூவியதுபோல் துகள் தெரியும்தான். துகளை இன்றைய மென்பொருள்கள் நன்றாகவே குறைத்துவிடுகின்றன. அசைவில் கலங்கிய முகத்தை அப்படி மீட்க முடியாது.

35 மி.மீ. லென்ஸ் ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கிட் லென்ஸ் 35 மி.மீ. நிலைக்கு வரும்போது அதன் வாய் பெரும்பாலும் எஃப் 5 அளவுக்குச் சுருங்கிவிடும். அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 ஏழு மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடுகிறது. கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் அறையில் இதற்கு 800 போதும். சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால் (1.5 மடங்கு கிராப்) முழு ஃபிரேமில் 52 மி.மீ. தரும் கோணத்தைத் தரும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் சுமார் இரண்டு மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். இரண்டு மூன்று பேர் இடுப்பளவுக்கு அழகாக அடங்குவார்கள். ஆனால் எஃப் 1.8-லேயே எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் 13 செ.மீ. அளவுதான். இருவர் தோளோடு தோள் நின்று ஒருவர் சற்றுப் பின்வாங்கினாலே அவர் முகம் மங்கிவிடும். தனி முகத்துக்கு 1.8, இருவருக்கு 2.8, இதை விரல் தானாகச் செய்யும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

தினசரி தூக்கிச் செல்வதில் எடை ஒரு பிரச்சினையே இல்லை. பாடியும் 35 மி.மீ. லென்ஸும் சேர்ந்து அறுநூறு கிராமை ஒட்டி வரும். தொல்லை தருவது பைக்குள் தானாகத் திரும்பும் டயல்தான். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் திருத்த டயலுக்குப் பூட்டு இல்லாத கேமராக்களில் அது மைனஸ் ஒன்றிலோ பிளஸ் இரண்டிலோ போய் நிற்கும்; வெயிலில் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. வெளியே எடுத்ததும் மோட் டயல், திருத்த டயல் இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் முதல் படம். கழுத்துப் பட்டையைவிட மணிக்கட்டுப் பட்டை பையில் சிக்காது. கழற்றும் வகைக் கொக்கிகளில் இருக்கும் நூல் தேய்ந்து உள்நிறம் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். லென்ஸ் மூடியோடு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக ஹூட் மாட்டி வைப்பது நல்லது; எதிர்வெயிலையும் மறைக்கும், இடித்தாலும் முதல் அடியை அதுவே வாங்கும்.

குடும்பத்தோடு வெளியூர் போகும்போது கிட் லென்ஸ்தான் சரி. பகல் வெளிச்சம் தாராளமாக இருக்கும், எஃப் 5.6-லிருந்து 8 வரை வைத்தால் ஆட்களும் பின்னணியும் தெளிவாக வரும். கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாற்றவே மாற்றாதீர்கள். அறையிலிருந்து கிளம்பும்போது எது மாட்டியிருக்கிறதோ அதுவே திரும்பும் வரை. உள்ளே போகும் ஒரு மணல் துகள் ஜூம் குழாயில் கரகரவென்று அரைக்கத் தொடங்கினால் செலவு லென்ஸ் விலையின் பாதியைத் தொடும். உப்புக் காற்றில் இருந்துவிட்டு வந்தால் முதலில் ஊதுபந்தால் மணலை விரட்டி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். வாயால் ஊதுவது எச்சில் தெறிக்க வைக்கும். அழுத்தக் காற்று டப்பா சென்சார் மீது திரவத்தைப் பீய்ச்சிவிடும். ஏசி அறையிலிருந்து புழுக்கமான வெளிக்குப் போகும்போது கண்ணாடியில் பனி படரும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறந்தால் படராது.

இனி கல்யாணம். இந்தக் கருவிகளுக்கு உண்மையான சோதனை அங்கேதான்.

முதல் எதிரி எல்இடி விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு படத்தில் கிடைமட்டப் பட்டைகளாகவும், அடுத்தடுத்த படங்களில் மாறி மாறி வரும் நிறமாகவும் தெரியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் (60 ஹெர்ட்ஸுக்கு 1/120, 1/60) பெரும்பாலும் அடங்கிவிடும். மண்டபத்தில் 1/125-ஐ விட்டு 1/100-க்கு இறங்குவது இதற்காகத்தான். சத்தம் வராதே என்று எலெக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனால் பட்டைகள் இன்னும் மோசமாகும்; அது சென்சாரை வரி வரியாக நிதானமாகப் படிப்பதால் ஒரே படத்துக்குள் விளக்கு பலமுறை துடித்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டரே போதும். மேடை அலங்கார விளக்குகள் மின்துடிப்பு முறையில் மங்கலாக்கப்படுபவை. அவற்றின் துடிப்பு வேறு கணக்கில் இருக்கும். அங்கே 1/100 உதவாமலும் போகலாம். கேமராவில் ஃபிளிக்கர் தடுப்பு இருந்தால் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஃபிளாஷ்தான் வழி.

அடுத்தது நிறம். ஊதாவும் நீலமும் முகத்தில் அடிக்கும்போது ஒரே நிறச் சானல் மட்டும் நிரம்பி வழிந்து, முகம் விவரமில்லாத நிறத் திட்டாகிவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரியாகவே காட்டும். ஏமாறாமல் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். எக்ஸ்போஷர் திருத்தத்தை மைனஸ் 2/3 வைத்து, ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பாக) எடுங்கள். அப்படியும் தேறாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பல நேரம் நன்றாகவே இருக்கும். இன்னொன்று: இருட்டு மண்டபத்தில் கேமராவின் திரை உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்றும். அதை நம்பி எடுத்தால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது எல்லாமே இருண்டிருக்கும். திரை வெளிச்சத்தை 'தானியங்கி'யில் விடாமல் நடுநிலையில் பூட்டிவிடுங்கள்.

லேசர் விளக்குகள் ஆடும் நிகழ்ச்சி என்றால் கேமராவை அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம். ஒரு கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரில் நிரந்தரக் கோடோ புள்ளியோ விழுந்துவிடும். சென்சாரை மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

ஃபிளாஷை நேராக முகத்தில் அடிப்பவர்கள்தான் அது பிடிக்காது என்கிறார்கள். தலையைக் கூரைக்குத் திருப்புங்கள், கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்த்து. மூன்று மீட்டர் உயர வெள்ளைக் கூரையில் ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/100, டிடிஎல் (ஃபிளாஷின் அளவைக் கேமராவே கணிக்கும் முறை) என்று தொடங்கினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். கூரை இன்னும் உயரமாக இருந்தால் ஐஎஸ்ஓ 1600. பச்சை, சிவப்புத் துணி கட்டிய கூரையில் அடித்தால் அந்தச் சாயம் முகத்தில் இறங்கும்; அங்கே பக்கச் சுவரைத் தேடுங்கள். மண்டபம் மஞ்சள் விளக்கில் குளித்திருந்தால் ஃபிளாஷின் வெள்ளை ஒளி மட்டும் தனியாகத் துருத்தும். ஃபிளாஷ் தலையில் அரை அடர்த்தி ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி, கேமராவின் வெள்ளைச் சமநிலையை (எந்த ஒளியை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற அமைப்பு) 3800 கெல்வின் பக்கம் வைத்தால் இரண்டும் ஒன்றிப்போகும். இதைச் செய்த படங்களுக்கும் செய்யாதவற்றுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது, தயவுசெய்து முயன்று பாருங்கள். ஷட்டரை 1/160-க்கு மேல் ஏற்றாதீர்கள். ஃபிளாஷும் ஷட்டரும் ஒத்துப்போகும் உச்ச வேகமான ஒத்திசைவு எல்லையைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும், அல்லது ஃபிளாஷ் தானே அதிவேக ஒத்திசைவுக்கு மாறிப் பலத்தை இழக்கும். அல்கலைன் செல்கள் வேண்டாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்களின் உள்மின்தடை குறைவு, ஃபிளாஷ் சீக்கிரம் அடுத்ததற்குத் தயாராகும். நான்கு ஃபிளாஷில், நான்கு பையில். அவற்றைக் கலக்காமல் ஒரே கூட்டமாக வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டும். ஒன்று முந்திக் காலியானால் மற்ற மூன்றும் அதில் மின்சாரத்தைத் தலைகீழாகச் செலுத்திக் கெடுத்துவிடும்.

குழுப் படத்துக்கு எஃப் 5.6. மூன்று மீட்டரில் 35 மி.மீ. நிலையில் இது 2.4 மீட்டரிலிருந்து 4.1 மீட்டர் வரை கூர்மை தரும், இரண்டு மூன்று வரிசை அடங்கும். ஃபோகஸை முன்வரிசைக் கண்களில் வையுங்கள். 16 மி.மீ. வரை விரித்தால் ஓரத்தில் நிற்பவர்களின் உடல் பக்கவாட்டில் இழுபடும். அவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள். நான்கு காலடி பின்னால் போய் 24 மி.மீ.-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை படம் எடுத்தால் எல்லார் கண்ணும் திறந்திருக்கும் என்பதற்கும் விடை உண்டு. நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் இதைக் கணக்கிட்டு 2006-ல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது) வாங்கினார்கள். இருபது பேருக்குக் குறைந்த குழுவில், நல்ல வெளிச்சம் என்றால் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கல் என்றால் இரண்டால். பன்னிரண்டு பேருக்கு மங்கலில் ஆறு படம். விளையாட்டுக் கணக்குபோல் தெரிந்தாலும் நடைமுறையில் நன்றாகவே உதவுகிறது.

நீங்கள் விருந்தாளி, ஒப்பந்தம் போட்ட புகைப்படக்காரர் வேறொருவர். அவருடைய பார்வைக் கோட்டில் நிற்கக் கூடாது, அவர் ஆட்களை நிறுத்தும்போது நடுவே பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பாதிப் பேர் உங்களையும் மீதிப் பேர் அவரையும் பார்ப்பார்கள். ஃபோகஸ் உதவி விளக்கை மெனுவில் அணைத்துவிடுங்கள், அந்த ஆரஞ்சு ஒளி அவருடைய வீடியோவில் விழும். மேடையை அவர் பார்த்துக்கொள்வார். கடைசி வரிசையில் தூங்கிப்போன குழந்தை, வெகு நாள் கழித்துச் சந்தித்துப் பேசும் முதியவர்கள், ஓரமாகச் சட்டையைச் சரிசெய்யும் நண்பர்கள். நாளை மணமக்கள் தேடப்போவது இவற்றைத்தான். இவை அவர் கண்ணில் படாமல் போகக்கூடியவை.

கார்டில் ராவும் ஜேபெக்கும் சேர்த்து ஒரு படத்துக்கு 35 எம்பி பக்கம் வரும். 64 ஜிபியில் 1,700 படங்களை ஒட்டிப் பிடிக்கும். வி30 குறி உள்ள கார்டு வினாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும், இந்த வகைக் கேமராவின் 4கே வீடியோவுக்கும் பொதுவாக அது போதும். கணினியில் அழிக்காமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், ஆனால் படங்கள் இரண்டு இடத்தில் ஏறிய பிறகு. கிளம்பும் முன் கேமராவின் கடிகாரத்தைச் செல்போனோடு நிமிடம் பிசகாமல் ஒப்பிடுங்கள்; நான்கு நண்பர்களின் படங்களை ஒன்றாக அடுக்கும்போது வரிசை குழம்பாது.

படங்களைப் பகிர வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் அசல் கோப்பு அப்படியே போகும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கு: 4 x 6-க்கு 1200 x 1800, 8 x 12-க்கு 2400 x 3600. 24 மெகாபிக்சலில் இது தாராளமாக வரும். சமூக ஊடகத்தில் போடுவதற்கு முன் மணமக்களைக் கேளுங்கள்.

நாள்பட முதலில் தளர்வது பேட்டரி. திரையில் 30 சதவீதம் காட்டிவிட்டுத் திடீரென்று அணைந்தால் அது தன் காலத்தை முடித்துவிட்டது. லேசாக உப்பியிருந்தாலும் வெளியே எடுத்து மின்கழிவில் சேருங்கள், உள்ளே சிக்கினால் கேமராவின் பேட்டரி அறையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பல வாரம் புழங்காமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் தனியாகக் கழற்றி வைக்க வேண்டும். அடுத்தது கைப்பிடி ரப்பர்: வியர்வையும் சன்ஸ்கிரீனும் பட்டு உப்பிக் கிளம்பும். சூப்பர் குளூ போடாதீர்கள், அதன் ஆவி பக்கத்துக் கண்ணாடியை வெளுக்கவைக்கும். இருபக்க ஒட்டுத்தாள் போதும். லென்ஸ்களை மூடிய டப்பாவில் ஈரமானியோடு வைத்து 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் காத்துக்கொள்ளுங்கள். 60-ஐத் தாண்டி நீண்ட நாள் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தை உறிஞ்ச உள்ளே போடும் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் பச்சையானால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டு மறுபடி உள்ளே வையுங்கள்.