தண்ணீரை அடைத்தார், வடிக்கவில்லை: குளிர்நாட்டில் பூட்டிய வீடு வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கோலாலம்பூரில் நாங்கள் வெளியூர் போகும்போது வாசலில் மீட்டருக்கு அருகிலுள்ள வால்வை அடைத்துவிட்டுக் கிளம்புவோம். கூரைக்குள் இருக்கும் தொட்டியிலோ குழாய்களிலோ எவ்வளவு தண்ணீர் நின்றாலும், திரும்பி வரும்வரை அதனால் ஒரு கேடும் வராது. இந்தப் பழக்கம் மனத்தில் ஊறிப்போயிருந்ததால்தான், கனடாவில் பூட்டிக் கிடந்த அக்காவின் வீட்டைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்துவிட்டதாகச் சொன்ன ஒருவரை நாங்கள் கேள்வி கேட்காமல் நம்பினோம். விவகாரம் இன்னும் முடியாததால் அவர் பெயரை எழுதவில்லை. ஆனால் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எனக்குத் தெரிந்த சில குடும்பங்களுக்கே இப்படி ஆளில்லாத வீடுகள் அங்கே இருப்பதால், நடந்ததை எழுதுவது கடமை என்று நினைக்கிறேன்.

டொராண்டோவுக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரி நகரில் அந்த வீடு இருக்கிறது. அத்தான் இறந்த பிறகு, சென்ற ஆண்டு அக்டோபரில் அக்கா எங்களோடு தங்க வந்துவிட்டார். விற்கும்வரை யாரும் இல்லாத வீட்டைச் சூடாக்க எரிவாயுக் கட்டணம் கட்டுவானேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வீடுகளைப் பராமரிக்கும் தமிழர் ஒருவர் அறிமுகமானார். சூடேற்றியை நிறுத்திவிடலாம் என்றும், குழாய்களிலுள்ள தண்ணீரை முழுக்க வடித்துத் தருவதாகவும் சொல்லி 780 டாலர் கேட்டார். நம் கணக்கில் ஏறத்தாழ 2,500 ரிங்கிட். பணம் போன மறுநாள் மூன்று படங்களும் ஒரு குரல் செய்தியும் வந்தன. "அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, தண்ணியைப் பூட்டிப்போட்டன்" என்றார். "பூட்டிவிட்டேன்" என்ற அந்தச் சொல்லில்தான் முழு உண்மையும் இருந்தது என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் காலை, அங்கே இரவு நேரம், பக்கத்து வீட்டுக்காரர் அக்காவை அழைத்து, கார் கொட்டகைக் கதவின் அடியிலிருந்து வாசல்வரை பனிக்கட்டி படர்ந்திருப்பதாகச் சொன்னார். நாங்கள் அவசரமாகத் தேடிப் பிடித்த வேறொரு பிளம்பர் உள்ளே போய்ப் பார்த்தபோது, சமையலறையின் வடக்குச் சுவருக்குள் செம்புக் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. மாடிக் கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருந்தது. நிலவறையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

இந்த இரண்டாமவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். அவர் பொறுமையாக விளக்கியதைக் கூடியவரை அப்படியே சொல்கிறேன். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. ஆனால் பனிக்கட்டி உண்டான அதே இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்பதில்லை. கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்முனைக்கும் இடையில் சிக்கிய தண்ணீர் போக வழியின்றி அழுத்தம் ஏறி, வலுவற்ற இடத்தில் குழாயைப் பிளக்கிறது. பிளந்த பிறகும் கட்டியே அடைப்பாக நிற்பதால் ஒரு சொட்டும் வெளியே வராமல் இருக்கலாம். வெயில் வந்து கட்டி இளகிய நாளில்தான் தண்ணீர் ஓடத் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் பிரதான வால்வு பழையது, முழுமையாக அடைபடாமல் கசிந்துகொண்டிருந்தது. அடைத்தவர் அதைச் சோதிக்கவில்லை. உறைந்த குழாய் பிளந்தது ஒரு கேடு. இளகியபின் அந்தக் கசிவு நாள் கணக்கில் வீட்டுக்குள் ஓடியது அதைவிடப் பெரிய கேடு.

முறையாக வடிப்பது அரை நாள் வேலை. முதலில் வெந்நீர்த் தொட்டியின் எரிவாயுவை நிறுத்தி, தெருவிலிருந்து வரும் தண்ணீரை அடைத்து, மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி எல்லாக் குழாய்களையும் வெந்நீர், தண்ணீர் இரண்டு பக்கமும் திறந்து விட வேண்டும். பிறகு நிலவறையில் மிகத் தாழ்ந்த இடத்திலுள்ள வடிகுழாயைத் திறக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டியை மட்டும் காலிசெய்யவே அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதன்பின் கம்பிரஸரால் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, பள்ளங்களில் தேங்கிய மிச்சத்தையும் வெளியேற்ற வேண்டும். கழிப்பறைத் தொட்டியின் அடியில் நிற்கும் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். சாக்கடை வாடை வராமல் தடுக்கும் வளைகுழாய்களில் மட்டும் தண்ணீருக்குப் பதிலாக உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றுவார்கள். அது புரோப்பிலீன் கிளைகாலால் ஆனதாக இருக்க வேண்டும். வாகனத்துக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் நஞ்சு, வீட்டுக் குழாயில் அதைச் சேர்க்கவே கூடாது. சலவை இயந்திரமும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் தத்தம் பம்புகளில் தண்ணீர் வைத்திருக்கும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதைக் கேட்ட பிறகுதான் அந்த மூன்று படங்களையும் மறுபடி பார்த்தோம். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே இருந்தது 25 நிமிடம். மூன்றாவது படத்தில் கழிப்பறைக் கோப்பைக்குள் இளஞ்சிவப்புத் திரவம் தெரிந்தது, ஆனால் அதன் கீழே தெரிந்த தரை வெள்ளை அறுகோண ஓடுகளால் ஆனது. அக்கா வீட்டின் கழிப்பறைகளில் அப்படி ஓடு எதுவும் இல்லை. யாருடைய வீட்டில் எடுத்த படமோ அது. அதைக் கண்டதும் அக்கா பேச்சற்றுப் போனார். "அக்கா, அக்கா" என்று அழைத்தவர் இப்படிச் செய்ததுதான் அவரைப் பணத்தைவிட அதிகமாகப் புண்படுத்தியது.

காப்புறுதி இன்னொரு அடி. எங்கள் பாலிசியின்படி, குளிர்காலத்தில் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் ஆள் இல்லாவிட்டால், ஒருவர் நாள்தோறும் வந்து சூடேற்றியைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை அடைத்து முழுக்க வடித்திருக்க வேண்டும். வடித்ததற்குச் சான்று கேட்டார்கள். எங்களிடம் இருந்தது தொகை மட்டும் எழுதிய ஒரு ரசீது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பழுதுபார்ப்புக்கு இதுவரை 38,000 டாலர் ஆகியிருக்கிறது. பணம் வாங்கியவர், வால்வு பழையது என்பதற்குத் தாம் பொறுப்பல்ல என்று ஒருமுறை எழுதியதோடு சரி, அதன்பின் அழைப்பை எடுப்பதில்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், செய்யப்போகும் வேலையை ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். ரசீதில் "குழாய்கள் முழுக்க வடிக்கப்பட்டன" என்ற வாக்கியமும் தேதியும் இருக்கட்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு வீடு காலியாக இருப்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். நகராட்சியிடம் சொல்லித் தெருவிலேயே தண்ணீரை அடைக்கச் செய்தால், வீட்டு வால்வை நம்பியிருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, படங்களை ஏற்காதீர்கள். வாசற்கதவு எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அறையாக நடந்து, கடைசிக் குழாயில் தண்ணீர் நின்று காற்று மட்டும் சீறும்வரை வெட்டாமல் எடுத்த ஒரே வீடியோவைக் கேளுங்கள். இரண்டாவது பிளம்பர் பழுதுபார்த்து முடித்துவிட்டு அப்படி ஒன்றை, நாங்கள் கேட்காமலே, அனுப்பி வைத்தார். அது 14 நிமிடம் ஓடுகிறது.