டேட் ஹெட் கிளீனிங் கேசட்: வாங்கலாம், ஆனால் எதற்கு?

பழைய டேட் (DAT: சிறு கேசட் நாடாவில் ஒலியை டிஜிட்டலாகப் பதியும் முறை) ரெக்கார்டரில் சத்தம் விட்டு விட்டு வந்தால் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, "கிளீனிங் கேசட் போட்டுப் பாருங்க" என்பதுதான். சோனியின் டிடி-10சிஎல் போன்ற ஆடியோ வகைக் கேசட்களும், கணினி பேக்கப் டிரைவுக்கென்று வந்த எச்பி சி5709ஏ போன்ற டிடிஎஸ் (DDS: டேட் நாடாவில் கணினித் தரவைப் பதியும் முறை) வகைக் கேசட்களும் இன்னும் பழைய சரக்காகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் சர்வரோக நிவாரணியாக நினைத்து, எந்தக் கோளாறுக்கும் முதலில் அதையே திணிப்பவர்கள்தான் நல்ல ஹெட்டையும் (நாடாவைத் தொட்டுப் பதியும், படிக்கும் முனை) தேய்த்துவிடுகிறார்கள்.

உள்ளே இருப்பது என்ன? சாதாரண டேட் கேசட்டின் அதே கூடு, அதே 3.81 மி.மீ. அகல நாடா. காந்தப் பூச்சுக்குப் பதிலாக லேசாகச் சொரசொரக்கும் பரப்பு. திரவம் எதுவும் கிடையாது. அழுக்கு கரைவதில்லை, உரசி எடுக்கப்படுகிறது. இந்த உரசல் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். டேட் டிரம் (ஹெட்கள் பொருத்திய சுழலும் உருளை) 30 மி.மீ. விட்டம், நிமிடத்துக்கு 2000 சுற்று. அதாவது ஹெட்டின் வேகம் விநாடிக்குச் சுமார் 3.1 மீட்டர். நாடா டிரம்மை 90 டிகிரிதான் சுற்றியிருப்பதால் ஒவ்வொரு ஹெட்டும் கால்வாசி நேரமே நாடாவைத் தொடுகிறது. அப்படிப் பார்த்தாலும் 10 விநாடியில் நகரும் நாடா 8 சென்டிமீட்டர், ஹெட் அதன்மேல் உரசும் தூரம் கிட்டத்தட்ட 8 மீட்டர். ஒரு நிமிடம் ஓடவிட்டால் 47 மீட்டர். உறையில் போட்டிருக்கும் நேரத்தை (பெரும்பாலும் 5 முதல் 10 விநாடி) தாண்டக் கூடாது என்பது அதனால்தான். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்று விட்டால் அழுக்கு போன பிறகு தேய்வது ஃபெரைட் முனை. போன முனை திரும்ப வராது. புது டிரம் தேடுவது குதிரைக்கொம்பு.

இந்த விஷயத்தில் டிடிஎஸ் வகைக் கேசட் இன்னும் ஆபத்தானது. பேக்கப் டிரைவ் அதை அடையாளம் கண்டு, வேண்டிய நேரம் ஓட்டி, தானே வெளியே தள்ளிவிடும். ஆடியோ டெக்குக்கு அந்த அறிவு இல்லை. பிளே அழுத்தினால், நாம் ஸ்டாப் அழுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். விரலை ஸ்டாப் பொத்தான் மேலேயே வைத்திருக்க வேண்டும். ஆடியோ வகை கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது.

கேசட் தீர்க்கும் கோளாறு ஒன்றே ஒன்று: ஹெட்டில் புதிதாக ஒட்டிய, இன்னும் இறுகாத அழுக்கு. அதன் அறிகுறி தெளிவானது. நேற்றுவரை நன்றாக ஓடிய கருவி, தூள் உதிர்க்கும் பழைய நாடா ஒன்றைப் போட்ட பிறகு எல்லா நாடாவிலும் திடீரென்று கரகரக்கும். இரண்டு ஹெட்டில் ஒன்று அடைத்தாலும் சத்தம் முழுதாக நின்றுவிட வேண்டியதில்லை. ஒற்றைப்படை, இரட்டைப்படை மாதிரிகளை (ஒலியை அளந்து எடுத்த எண்கள்) இரண்டு ஹெட்டும் எழுதும் தடங்களில் பிரித்து எழுதுவதால், கிடைக்கும் பாதியை வைத்து மீதியை ஊகித்து நிரப்ப முடியும். அதனால் சத்தம் முரடாக, மேல் ஸ்தாயி கெட்டு வரும். இடையிடையே மியூட் ஆகும். இரண்டும் அடைத்தால்தான் முழு மௌனம்.

மற்றவற்றுக்கு அந்தக் கேசட் உதவாது. கேசட்டை விழுங்கி, கொஞ்சம் முனகி, வெளியே துப்பினால் லோடிங் கியரிலும் (நாடாவை டிரம்மில் சுற்றவைக்கும் பற்சக்கரம்) கைடு (நாடாவை வழிநடத்தும் சிறு தூண்) நகரும் தடத்திலும் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கிறது, அல்லது மோட் சுவிட்சின் (உள் இயக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் சுவிட்ச்) தொடுமுனை கறுத்திருக்கிறது. பழைய கிரீஸை முழுதும் வழித்தெடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத புதுக் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். பழசின்மேல் புதுசைத் தடவினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. நாடா ஓரம் மடங்கினால் பிஞ்ச் ரோலர் (நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை) கண்ணாடிபோல் இறுகிவிட்டது. தான் பதிந்ததை நன்றாகப் படித்து, பிறர் பதிந்ததில் மட்டும் தடுமாறினால் கைடு உயரம் மாறியிருக்கிறது. கையடக்கக் கருவிகளில் மீன் வாடையும் பச்சைக் கறையும் தெரிந்தால் சர்க்யூட் போர்டில் மின்தேக்கிகள் கசிந்திருக்கின்றன. இந்த நிலையில் உள்ள கருவியில் கிளீனிங் கேசட்டைப் போட்டால் கேசட்டே உள்ளே சிக்கிக்கொள்ளும். தலைவலி போய் திருகுவலி.

மூடியைத் திறக்கத் துணிவிருந்தால், கேசட்டைவிட ஈரத் துடைப்பே மேல். தேவை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் விசிஆர் ஹெட் துடைக்க விற்ற மென்தோல் குச்சியும்தான். காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம். அதன் இழை ஹெட் முனையில் மாட்டினால் முனை பெயர்ந்துவிடும்.

மின்கம்பியைப் பிடுங்கி, கையை உலோகச் சட்டத்தில் ஒருமுறை தொட்டு நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். டிரம்மின் பக்கவாட்டில் எதிரெதிரே இரண்டு சிறு சன்னல்கள் தெரியும்; ஹெட் முனைகள் அங்கேதான். நனைத்த தோலைச் சொட்டாமல் பிழிந்து, டிரம் பக்கத்தில் லேசாக அணைத்துப் பிடித்து அசையாமல் வைத்திருங்கள். டிரம்மின் மேல் விளிம்பை இன்னொரு கை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். நகர வேண்டியது டிரம், குச்சியல்ல. மேலும் கீழுமாக ஒருமுறை இழுத்தாலே முனை உடையலாம். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு தோலைப் பாருங்கள்: பழுப்புக் கோடு விழுந்திருந்தால் இடம் மாற்றி மறுபடியும், சுத்தமாக வரும்வரை. அதே கையோடு கைடுகளையும் நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் துடைக்கலாம், ஆனால் ஆல்கஹால் கேப்ஸ்டன் பேரிங்குக்குள் இறங்கி எண்ணெயைக் கரைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஞ்ச் ரோலருக்கு ஒரு சொட்டு மென்சோப்பு கலந்த நீரே போதும். பிறகு 10 நிமிடமாவது காய வேண்டும். ஈர டிரம்மில் நாடா ஒட்டிக்கொண்டால் சுருண்டு கிழியும்.

சுத்தம் ஆனதும் மூல நாடாவைப் போடாதீர்கள். போனால் போகட்டும் என்ற ஒரு நாடாவை ஐந்து நிமிடம் ஓட்டி, எடுத்து, அதன் மூடியைத் திறந்து விளக்கொளியில் ஓரத்தைப் பாருங்கள். சுருக்கமோ கீறலோ இல்லையென்றால்தான் அடுத்தது.

ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) இருப்பவர்களுக்கு ஊகமே தேவையில்லை. ஆர்எஃப் (ஹெட் படிக்கும் சிக்னல்) சோதனை முனையில் ஒரு சேனல், ஹெட் மாறும் துடிப்பில் டிரிகர். டிரம் ஒரு சுற்றுக்கு 30 மில்லி விநாடி எடுக்கும், அதில் 7.5 மில்லி விநாடி அலைக்கட்டு, அதே அளவு இடைவெளி, மறுபடியும் அலைக்கட்டு என்று வர வேண்டும். ஒன்று உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் இருந்தால் ஒரு ஹெட் அடைப்பு. இரண்டும் ஒரே உயரத்தில், ஆனால் ஆரம்பத்தில் சரிந்திருந்தால் நாடா நுழையும் பக்கக் கைடு. முடிவில் சரிந்தால் வெளியேறும் பக்கக் கைடு. அளவு நாடா (சரியான தடம் பதிந்த சோதனை நாடா) இல்லாமல் கைடைத் திருகுவது மட்டும் வேண்டாம். தடத்தின் அகலமே 13.6 மைக்ரான், அங்கே குத்துமதிப்புக்கு இடமில்லை.

அப்படியானால் கேசட் யாருக்கு? திருகுகளும் ஃபிளெக்ஸ் கேபிள்களும் நெருக்கியடித்த கையடக்கக் கருவியைத் திறக்க முடியாதவர்களுக்கு, பதிவு நடக்கும் இடத்தில் திடீரென்று ஹெட் அடைத்தவர்களுக்கு. ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள். சரியாகாவிட்டால் இன்னும் ஒரே ஒருமுறை. அதற்கும் மசியாத அழுக்கை மூன்றாம் முறை உரசிப் பயனில்லை. அது கருவியைத் திறக்க வேண்டிய நேரம். "வாரம் ஒருமுறை போடுங்கள்" என்ற அறிவுரையைக் காதில் வாங்காதீர்கள். ஒழுங்காக ஓடும் கருவிக்கு அது தேவையே இல்லை.

வாங்கும்போது உறை பிரிக்காததாகப் பாருங்கள். பிரித்தது என்றால் சன்னல் வழியே வலப்பக்கச் சுருளைக் கவனியுங்கள்: அங்கே நாடா கணிசமாகச் சேர்ந்திருந்தால் ஏற்கெனவே பலமுறை ஓடியிருக்கிறது. முழுதும் இடப்பக்கமே இருந்தாலும் யாரோ சுற்றிவிட்டு விற்றிருக்கலாம். மூடியைத் திறந்து பாருங்கள். நாடாவில் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அது அடுத்தவர் ஹெட்டிலிருந்து வழித்த தூள். அதை உங்கள் டிரம்மில் பூசிக்கொள்ளக் காசு கொடுக்க வேண்டியதில்லை.