ஸ்கேனர் ஆப்புக்கு ஒரு ரூபாய் கட்டினேன், போனது 4,186 ரூபாய்

வாரம் 299 ரூபாய், 14 வாரம், மொத்தம் 4,186 ரூபாய். போன புதன்கிழமை பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோதுதான் வரிசையாக நிற்பது கண்ணில் பட்டது. இத்தனைக்கும் அந்த ஆப்பை மூன்றாம் நாளே போனிலிருந்து நீக்கியாகிவிட்டது. நீக்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். என்ன செய்யவேண்டும் என்பதைக் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

காகிதத்தைப் படம் எடுத்து பிடிஎஃப் ஆக்கித் தரும் ஆப் அது. பெயர் போடவில்லை, இதே அச்சில் வார்த்தவை நிறைய இருக்கின்றன. அம்மாவின் ஃபேமிலி பென்ஷனுக்காக ஆதார், பான், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பாஸ்புக் முதல் பக்கம் என்று 41 பக்கம் ஸ்கேன் செய்யவேண்டியிருந்தது. கடையில் இந்த 4,186 ரூபாயில் பத்தில் ஒரு பங்கு செலவில் முடிந்திருக்கும்.

நம்பிக்கை வந்தது எப்படி? அது தமிழ் படித்தது. வாரிசுச் சான்றிதழைக் காட்டியதும் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லாமல் எழுத்தாக்கிக் கொடுத்தது. 4.6 நட்சத்திரம், மெனு முழுக்கத் தமிழ். நம் ஆட்கள் செய்தது போலிருக்கிறது என்று மனசு இளகிவிட்டது.

சந்தேகப்பட வேண்டிய இடமே அதுதான். போனுக்குள்ளேயே எழுத்தைப் படிக்க ஆப் செய்பவர்களுக்கு கூகுள் தரும் இலவசக் கருவி லத்தீன், தேவநாகரி, சீனம், ஜப்பான், கொரிய எழுத்துகளைப் படிக்கும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒரு ஆப் தமிழைச் சுத்தமாகப் படிக்கிறது என்றால், பெரும்பாலும் உங்கள் பக்கம் அவர்களுடைய சர்வருக்குப் போய்ப் படிக்கப்பட்டுத் திரும்புகிறது. சோதிப்பது சுலபம். ஏரோப்ளேன் மோடில் போட்டு வெற்றுக் காகிதத்தில் நாலு வரி எழுதி ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து வராமல் சுற்றிக்கொண்டே நின்றால், ஆதாரும் அதே வழியில்தான் போகும். இதை நான் 41 பக்கமும் போனபிறகு செய்து பார்த்தேன்.

ஸ்டோரில் ‘டேட்டா சேஃப்டி’ பகுதியில் தகவல் என்க்ரிப்ட் செய்யப்படுகிறது என்று போட்டிருந்தது. அது ஆப் செய்தவரே எழுதிக்கொடுப்பது. போகும் வழியில் யாரும் பார்க்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டு அவர்கள் கையில்.

இனி பணம். வாட்டர்மார்க் இல்லாமல் சேமிக்க ‘3 நாள் 1 ரூபாய்’ என்று பெரிய பட்டன். அதன் கீழே சாம்பல் நிறத்தில் ‘பிறகு வாரம் 299’. பட்டனைத் தொட்டால் யூபிஐ திறக்கிறது. அங்கே வருவது ஒரு ரூபாய் கட்டும் பக்கம் இல்லை, ஆட்டோபே ஒப்புதல், அதாவது இனி பணத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ள அனுமதி. அதிகபட்சத் தொகை 999, முடியும் தேதி 2054 என்று இருந்தது. பின் நம்பர் போட்டது அந்த ஒரே தடவைதான். 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்த கழிவுகளுக்கு (கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கு) பின் நம்பர் கேட்காது. அந்த ஒப்புதல் வங்கியில் பதிவாகிறது. ஆப்பை நீக்கினால் அங்கே ஒன்றும் அசையாது. கழிவுக்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வரவேண்டும் என்பது விதி, வந்துமிருக்கிறது. ஆப்பின் பெயரில் இல்லாமல், சம்பந்தமே தெரியாத ஏதோ ‘டெக்னாலஜீஸ்’ பெயரில், லோன் விளம்பரங்களுக்கு நடுவில்.

அதற்கப்புறம் நடந்த அலைக்கழிப்பைச் சொன்னால் ரத்தம் கொதிக்கிறது. ஆப் ஸ்டோரில் கேட்டால், ‘எங்கள் வழியாகக் கட்டவில்லை, நேரடி யூபிஐ, எங்களால் திருப்பித் தர முடியாது.’ யூபிஐ ஆப்பில் கேட்டால், ‘வணிகரைத் தொடர்புகொள்ளுங்கள்.’ வங்கியில் இருந்த பெண் ஊழியர் ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்துவிட்டு, ‘சார், நீங்களே பின் போட்டிருக்கீங்க, இது ஃப்ராடு கணக்குல வராது’ என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. அனுமதி இல்லாத கழிவுக்குத்தான் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்ற பாதுகாப்பு.

அந்த ஆப் கம்பெனிக்கு நாலு மெயில். முதல் மூன்றுக்கும் வந்தது ஒரே தானியங்கிப் பதில். நாலாவதில், தொடர்ந்து பயன்படுத்தினால் பாதி விலை என்றார்கள். 4,186 ரூபாயைத் திருப்பிக் கேட்டவனுக்குத் தள்ளுபடி! பணம் போனால் போகட்டும், 41 பக்கத்தையும் சர்வரிலிருந்து அழியுங்கள் என்று எழுதினேன். அழிக்கவேண்டுமென்றால் அடையாளத்தை உறுதிசெய்ய ஆதாரின் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். இதைப் படித்துவிட்டுப் போனை வைத்தவன், அரை மணி நேரம் கையில் எடுக்கவில்லை.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் யூபிஐ ஆப்பில் ப்ரொஃபைல் படத்தைத் தொட்டு ஆட்டோபே பக்கத்தைத் திறங்கள். தெரியாத பெயர் எது இருந்தாலும் ரத்து செய்யுங்கள், பின் நம்பர் போட்டதும் நின்றுவிடும். வீட்டில் பெரியவர்கள் போனையும் வாங்கிப் பாருங்கள்.

ஸ்கேனருக்குத் தேவை கேமரா மட்டும். கான்டாக்ட்ஸ், லொகேஷன் கேட்டால் அந்த நிமிடமே வெளியே வாருங்கள். ஐபோனில் நோட்ஸிலேயே ஸ்கேன் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவில் இருக்கிறது, ஆனால் ஃபைல் கூகுள் கணக்கில் போய் உட்காரும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஆதாரை ஸ்கேன் செய்யவே வேண்டாம். டிஜிலாக்கரில் எடுங்கள், இல்லையென்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள்.

ஆதார் வெளியே போயிருந்தால் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கப் போகும்போது மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், மறந்தால் திரும்பி வரவேண்டியிருக்கும்.

இப்படிச் சந்தாவில் மாட்டிவிடுவதை மத்திய அரசின் 2023 டார்க் பேட்டர்ன் (ஆளை ஏமாற்றிச் சிக்கவைக்கும் வடிவமைப்பு) வழிகாட்டுதலில் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். அதைக் குறிப்பிட்டுத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நேற்று புகார் பதிந்தேன். ஸ்க்ரீன்ஷாட், மெயில், ஸ்டேட்மெண்ட் மூன்றும் கேட்டார்கள், எதையும் அழித்துவிடாதீர்கள். 4,186 ரூபாயில் ஏதாவது திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.