மகளிர் குழுவில் சேரலாமா? ஊக்குநர் அக்காவின் நோட்டைப் பாருங்கள்

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், மேலப்பாளையம், பத்தமடை பக்கம் ‘குழு’ என்று சொன்னால் இரண்டு அர்த்தம். வாரா வாரம் ஆள் வந்து தவணை வாங்கிக்கொண்டு போகும் நுண்கடன் நிறுவனத்தின் குழு ஒன்று. தெருப் பெண்களே சேமித்து, அவர்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, அவர்களில் ஒருத்தியே ஊக்குநராக இருந்து கணக்கு எழுதும் மகளிர் சுய உதவிக் குழு இன்னொன்று. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் நிறைய. ஒரே கேள்வியில் வித்தியாசம் தெரிந்துவிடும்: “என் சேமிப்பு எங்க இருக்கு?” குழுவின் பேரில் உள்ள பேங்க் பாஸ்புக்கை எடுத்துக் காட்டினால் அது சுய உதவிக் குழு. சேமிப்பே கிடையாது, கடன் மட்டும்தான் என்றால் அது மற்றது. நாம் இங்கே மதிப்பிடுவது முதலில் சொன்னதை அல்ல, தெருப் பெண்கள் நடத்தும் குழுவை.

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. 12 முதல் 20 பேர், ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். இந்த அமைப்பு பெரும்பாலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு குழு பத்து வருஷம் நிற்பதும், பக்கத்துத் தெருக் குழு எட்டு மாதத்தில் உடைவதும் அந்த ஊக்குநரைப் பொறுத்தது. அவருக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே சேருவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அரசு அறிவிப்பை அல்ல, அவருடைய நோட்டை.

பீடி சுற்றும் ஊர்களில் ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது விளங்கும். வளவின் (ஒரே முற்றத்தைச் சுற்றி நிற்கும் வீடுகள்) நடுமுற்றத்தில் பாய் விரித்திருக்கும். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சுளவு (முறம்). அதில் வெட்டிய இலை, ஓர் ஓரமாகத் தூள், நூல்கண்டு. பேச்சு நடக்கும்போதும் கை நிற்காது. இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றிக் கீழே போட வேண்டியதுதான். 25 சேர்ந்தால் ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி அந்த ஆயிரத்துக்குத்தான். முற்றத்தில் சுளவு இல்லாத மடி ஒன்றே ஒன்று, அதில் நோட்டு இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எல்லோருக்கும் கட்டு ஏறும், ஊக்குநருக்கு மட்டும் ஏறாது. கூட்டம் முடிந்த பிறகு கணக்கைச் சரிபார்த்து எழுத இன்னும் ஒரு மணி நேரம். மாதம் ஒரு தடவையாவது பேங்குக்குப் போய்வர ஒரு பொழுது.

பிறகு ஏன் செய்கிறார்கள்? வெளியூர்க்காரர்கள் ‘சேவை மனப்பான்மை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது போதாது. முதல் காரணம் பெயர். இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்று மட்டுமே அறியப்பட்ட ஒருத்தியை வங்கி மேலாளர் அவள் பெயரைச் சொல்லி உட்காரச் சொல்கிறார். அந்த நாற்காலியின் மதிப்பு அதில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தபிறகு, வார்டுக்கு நிற்கும் துணிச்சலையும் பலருக்கு இந்த நோட்டுதான் கொடுத்தது.

இரண்டாவது காரணம், பட்ட கடனைத் திருப்புவது. இவர்களில் மூத்தவர்கள் 1990-களில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்பில் எழுத்துப் படித்தவர்கள். ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தவர்கள் காசு வாங்காத தொண்டர்கள். கைநாட்டு வைத்த கையால் கையெழுத்துப் போட்ட நாளை அவர்கள் மறப்பதில்லை. தான் வாங்கியதை இன்னொருத்திக்குக் கொடுக்கிறார்கள். மூன்றாவது காரணம் சொந்தப் பாதுகாப்பு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வளவில் ஒரு வீடு கந்துவட்டியில் விழுந்தால் வசூலுக்கு வருகிறவனின் சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஜாமீனுக்கு அடுத்த வீட்டுக்காரிதான் நிற்க வேண்டிவரும். பதினைந்து வீடும் கடனில் மூழ்காமல் இருந்தால்தான் தன் வீடும் நிம்மதியாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்கு.

இனி நோட்டுக்கு வருவோம். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு-கடன் பேரேடு, பொதுப் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக் இவ்வளவும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் புரட்ட நேரமில்லை என்றால் வட்டிப் பத்தியை மட்டும் பாருங்கள். உள்கடன் (குழு தன் நிதியிலிருந்து உறுப்பினருக்குக் கொடுப்பது) 5,000 ரூபாய், மாதம் 2 சதவீதம், பத்து மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 500 அசல் கட்டக் கட்ட, நின்ற அசலுக்குத்தான் வட்டி போட வேண்டும். முதல் மாதம் 100, அடுத்து 90, பிறகு 80 என்று இறங்கிப் பத்தாவது மாதம் 10. மொத்த வட்டி 550. சில நோட்டுகளில் பத்து மாதமும் 100, 100 என்றே இருக்கும். அப்படியானால் 1,000 ரூபாய். கடன் வாங்கியவளிடம் 450 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. இதைப் பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஒரே எண்ணை எழுதுவது சுலபம் என்பதால் நடக்கிறது. சொன்னால் திருத்திக்கொள்ளும் ஊக்குநர் நல்ல ஊக்குநர். “குழுவுக்குத்தானே போகுது” என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது தீபாவளி, பொங்கல் சமயத்துப் பக்கங்கள். பதினைந்து பேர் மாதம் 100 போட்டால் மாதம் 1,500, மூன்று வருஷத்தில் சேமிப்பு மட்டும் 54,000. இதோடு உள்கடன் வட்டியும் அரசு தரும் சுழல் நிதியும் சேர்ந்ததுதான் குழுவின் சொந்த நிதி. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலில் முதல் வங்கிக் கடன் இந்த நிதியைப் போல் ஆறு மடங்கு, இரண்டாவது கடன் எட்டு மடங்கு என்று கணக்கு. அதற்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று தனியாக உண்டு. எது அதிகமோ அது. 54,000-க்கு எட்டு மடங்கு 4,32,000. ஆனால் பல குழுக்களில் பண்டிகைக்குப் பண்டிகை சேமிப்பைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். துணி எடுக்கக் காசு வந்ததென்று அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். நிதி மறுபடி சுழியத்தில் நிற்கும், வங்கியும் குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்திவிடும். பண்டிகைச் செலவுக்குத் தனியாக மாதம் 50 ரூபாய் சீட்டு மாதிரிப் போட்டு, முதன்மைச் சேமிப்பைத் தொடாமல் வைத்திருக்கும் குழு கண்ணில் பட்டால் தயங்காமல் சேருங்கள்.

வங்கிப் பக்கம் இந்தச் சேவை நன்றாகவே இருக்கிறது, விதி தெரிந்தவர்களுக்கு. குழுவுக்குச் சேமிப்புக் கணக்குத் தொடங்க எல்லா உறுப்பினரின் அடையாளச் சான்றும் தேவையில்லை, நிர்வாகிகளுடையது போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மற்றவர்களுடையதைக் கடன் கொடுக்கும்போது கேட்கலாம். 10 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது. ஓர் உறுப்பினர் தனியாக வாங்கிய கடனைக் கட்டவில்லை என்று சொல்லிக் குழுவுக்கே கடன் மறுப்பதும் சரியல்ல, குழு தன் தவணையை ஒழுங்காகக் கட்டியிருந்தால் போதும். ஆனால் குழுக் கடனிலிருந்து அந்த உறுப்பினருக்குப் பங்கு கொடுக்க முடியாது. கவுண்டரில் இதைப் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஊக்குநர் இருந்தால் நான்கு நடை ஒரு நடையாகும்.

கடன் வகையையும் கேட்டு வாங்குங்கள். மொத்தமாகக் கொடுக்கும் தவணைக் கடனைவிட, எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி ஓடும் ‘சி.சி.’ (கேஷ் கிரெடிட்) கணக்கு பீடி வீடுகளுக்குத் தோதானது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் எடுத்து, கையில் காசு ஓடும்போது அடைக்கலாம்.

கெட்டுப்போகும் இடங்களில் மிகவும் ஆபத்தானது முன்கூட்டிப் போட்ட கையெழுத்து. குழுக் கணக்கில் பணம் எடுக்கும் சீட்டில் மூவரில் இருவர் கையெழுத்து என்று வைத்திருப்பார்கள். பிரதிநிதிக்குப் பேங்குக்கு வர நேரமில்லை. “எக்கா, நாலு சீட்டுல போட்டுத் தாங்க, நான் பாத்துக்கிடுதேன்.” “இந்தா போட்டுட்டேன், எனக்கு இலை காயுது.” இப்படி ஆரம்பிப்பதில் தப்பான எண்ணம் இருக்காது. ஆனால் தொகை எழுதாத சீட்டு ஒன்று கையில் இருந்தால், என்றைக்காவது ஓர் அவசரம் அதில் ஓர் எண்ணை எழுதிவிடும். தீர்மானப் புத்தகத்தில் தொகையும் தேதியும் ஏறாமல் சீட்டில் கையெழுத்து விழக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்தது பேர்க் கடன். கடன் ஒருத்தி பேரில், காசு இன்னொருத்தி கையில். வாங்கிக் கொடுத்தவள் மனம் நல்லதுதான், ஆனால் தவணை நின்றால் பெயர் கெடுவது அவளுக்கு. இதற்கு வழிவிடுவது பெரும்பாலும் கடனைச் சமமாகப் பிரிக்கும் பழக்கம். மூன்று லட்சம் வந்தால் பதினைந்து பேருக்கும் தலைக்கு 20,000 என்று பங்கு வைக்கிறார்கள். வேண்டாதவளும் வாங்கி, வேண்டியவளுக்கு மறைவாகக் கைமாற்றுகிறாள். யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று கூட்டத்திலேயே பேசி, ஒருத்திக்கு 40,000, இன்னொருத்திக்கு ஒன்றும் இல்லை என்று தீர்மானம் எழுதும் தைரியம் உள்ள குழு நல்லது.

‘லோன் போட்டுத் தந்ததுக்கு’ என்று தலைக்கு ஒரு தொகை பிடிப்பதும் சில இடங்களில் நடக்கிறது. இதை நன்றிக்காசு என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். ஊக்குநரின் உழைப்புக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் (கட்டாயம் கொடுக்க வேண்டும்) அது தீர்மானத்தில் எழுதி, பொது நிதியிலிருந்து, எல்லோர் கண்முன்னும் போக வேண்டும். மறைவில் வாங்கிய ஐந்நூறு ரூபாய், பத்து வருஷ உழைப்பின் மேல் கறையாக நிற்கும்.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று: விரல் ரேகை. வருஷக்கணக்கில் இலையையும் நூலையும் உரசிய பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் பணம் எடுக்கும் இடத்து ரேகை மிஷின் எடுக்காது. வயதானவர்கள் இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கூடப்போகும் ஊக்குநர் செய்வது இதுதான்: தூள் போகக் கையை நன்றாகக் கழுவி, ஈரத் துணியால் துடைத்து, அதிகம் தேயாத மோதிர விரலையோ சுண்டு விரலையோ முதலில் வைக்கச் சொல்வார். அதுவும் ஆகாவிட்டால் கண் அல்லது முகம் வைத்துச் சரிபார்க்கும் வசதி உள்ள இடத்துக்குக் கூட்டிப்போவார். கேட்கச் சின்னதாகத் தெரியும் இந்த வேலையால்தான் ஒரு கிழவியின் மாதப் பணம் அவள் கையில் வந்து சேர்கிறது.

குழு என்பது கடன் மட்டும் இல்லை என்பது இங்கேதான் தெரியும். ராத்திரி பிரசவ வலி கண்டால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடப்போவது, அடிபட்டு வந்தவளுக்குப் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்துக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருவது, இதெல்லாம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. வாரத் தவணைக் குழு இதில் எதையும் தராது. அங்கே கடன் சீக்கிரம் கிடைக்கும், அதை மறுக்க முடியாது. சுய உதவிக் குழுவில் முதல் ஆறு மாதம் சேமிப்பும் உள்கடனும் மட்டும்தான். அந்த ஆறு மாதம் பொறுக்க முடியாத அவசரம்தான் பெண்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்கு, எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை அந்த வீட்டு மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி செய்திருக்கிறது. யாராவது அதற்கு மேல் கடன் கொடுக்க வந்தால் வாங்காதீர்கள்.

மொத்தத்தில், நோட்டு சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். குறை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், எல்லாப் பாரமும் ஒரே தலையில் ஏறுவது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊக்குநரை மாற்றுவது நல்ல வழக்கம், ஆனால் “எனக்கு எழுத வராது மதினி” என்று மற்றவர்கள் நழுவ, பழைய ஆளே தொடர்கிறார். மாற்றுவதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ரொக்கப் புத்தகத்தை மட்டும் எழுதப் பழக்கினால் போதும், மற்றவை தானாக வரும்.

பேங்க் நாளுக்கும் ஒரு வழி உண்டு. மாத முதல் வாரத்தையும் திங்கட்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே பஸ் காசு பெரிய செலவில்லை. போவது, அந்தப் பொழுதில் ஊக்குநர் சுற்றியிருக்கும் பீடிதான். அன்றைக்கு வளவில் இருக்கும் பதினான்கு பேரும், அவர் வெட்டி வைத்துவிட்டுப் போன இலையை எடுத்து ஆளுக்கு ஒரு கட்டு சுற்றி அவர் சுளவில் வைத்தால் 14 கட்டு, 350 பீடி.