ரோல் பார்னு சொல்லி கேட் பைப்பை மாட்டிவிட்டாங்க: 68,000 ரூபாய் போச்சு

கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் கூரையில்லாத காரு வெச்சிருக்கிறவங்க, ஜீப்புக்குப் பின்னாடி கம்பி மாட்டலாம்னு யோசிக்கிறவங்க எல்லாரும் இதைப் படிச்சிருங்க. ரோல் பார், அதான் வண்டி கவுந்தா தலையைக் காப்பாத்தச் சீட்டுக்குப் பின்னாடி மாட்டற இரும்புப் பைப் வளைவு, எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசில விலாவாரியா எழுதறேன். இப்ப வயிறு எரியுது, முதல்ல அதைக் கொட்டிக்கிறேன். 68,000 ரூபாய்ங்க. சும்மா இல்ல.

என்கிட்ட இருக்கிறது லோட்டஸ் செவன்ங்கிற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரு சாயல்ல நம்ம நாட்டுலயே கொஞ்சமாச் செஞ்ச ரெண்டு சீட்டு வண்டி, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. 1957-ல லோட்டஸ் கம்பெனிக்காரரு காலின் சாப்மன் கொண்டுவந்த செவனோட அதே உருவம்தான்: நீள மூக்கு, பாடிக்கு வெளியே துருத்திக்கிட்டு நிக்கற முன் சக்கரம், உக்காந்தா கைய நீட்டித் தரையைத் தொடற உசரம். அடியில இரும்பு டியூப் சேஸி, மேல ஃபைபர். கூரையும் இல்ல, ஏர்பேக்கும் இல்ல. கவுந்துச்சுன்னா முதல்ல ரோட்டுல தேயறது ஓட்டறவன் தலை.

ஆழியாறு தாண்டினா வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டுல போகணும்னுதான் இந்த வண்டியையே எடுத்தேன். "பின்னாடி கம்பி போடாம நான் ஏற மாட்டேன், குழந்தையையும் ஏத்த மாட்டேன்"னு வீட்டுல சொல்லிட்டாங்க. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேங்கிற ரேஸ் ட்ராக்குல ட்ராக் டே அன்னைக்கு, அதான் நம்ம வண்டியையே உள்ள விடற நாள்ல, ஓட்டற ஆசையும் இருந்துச்சு. ரேஸ்காரர் கரிவரதன் ஃபார்முலா மாருதிங்கிற ரேஸ் காரைச் செஞ்ச ஊரு இது. லேத்து, வெல்டிங், பைப் பெண்டிங் எல்லாம் தெருவுக்குத் தெரு. ரோல் பார் செய்ய இங்க ஆளா இல்லைன்னு நெனைச்சேன்.

கடை பைபாஸ் ஓரத்துல இருக்கிற ஒரு மாடிஃபிகேஷன் ஒர்க்‌ஷாப். இன்ஸ்டாகிராம்ல பளபளன்னு வீடியோ போடற வகை. ஓனர் சின்ன வயசுப் பையன், வாய் நிறைய "அண்ணா". போனதும் டீ வந்துச்சு. நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவரே ஆரம்பிச்சாரு: "அண்ணா, உலக மோட்டார் ரேஸ் அமைப்பு எஃப்ஐஏவோட விதிப் புத்தகம் அப்பெண்டிக்ஸ் ஜே படிதானுங்க நாங்க செய்வோம். மெயின் ஹூப்புக்கு, அதான் சீட்டுக்குப் பின்னாடி வர்ற பெரிய வளைவுக்கு, 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ரெண்டரை மில்லி கனம், இல்லேன்னா 50-க்கு ரெண்டு மில்லி. சீம்லெஸ், வெல்டிங் தையலே இருக்காதுங்க; கோல்டு டிரான், சூடாக்காம இழுத்த பைப்பு. வளைவு ரேடியஸ் பைப் விட்டத்துல மூணு மடங்குக்குக் கீழ போகாதுங்க." அத்தனையும் சரி, ஒரு எண்ணுகூடத் தப்பில்ல. இது தெரிஞ்சவன்கிட்ட வந்துட்டோம்னு மனசு இறங்கிருச்சு.

அப்புறம் மேசை ட்ராயரைத் திறந்து ஒரு துண்டு பைப்பை எடுத்து என் கையில வெச்சாரு. ஒரு சாண் நீளம் இருக்கும். நல்ல கனம். வெட்டின முனை வழவழன்னு, உள்ள வெல்டிங் கோடே இல்ல. வெர்னியரையும் நீட்டி, "நீங்களே அளந்து பாருங்கண்ணா. உசுரு சமாச்சாரம், இதுல நான் வெளாட மாட்டேனுங்க"ன்னாரு. அளந்தேன். 2 மில்லி, சுத்தமா. அந்த இடத்துலயே 40,000 அட்வான்ஸ் ஜிபே பண்ணினேன். மாதிரித் துண்டு நிஜம்ங்க. அது இன்னமும் அந்த ட்ராயர்லயேதான் கிடக்கும், அடுத்த ஆளு கையில வெக்கறதுக்கு.

சொன்ன தேதி தள்ளித் தள்ளிப் போச்சு, அதை விடுங்க, ஒர்க்‌ஷாப்புன்னா அப்படித்தான். வண்டி கைக்கு வந்தப்ப பார்க்க அம்சமா இருந்துச்சு. மேட் பிளாக் பவுடர் கோட்டிங், ரெண்டு சீட்டுக்கும் பின்னாடி ஒரே வளைவு, பின்பக்கம் சாஞ்ச ரெண்டு காலு. மிச்சம் 28,000 குடுத்தேன். மொத்தம் 68,000. பில்லு ஒரு துண்டுச் சீட்டு. அதுல "ஸ்டைலிங் பார் - 1"னு, அதாவது அழகுக்கு மாட்டற கம்பின்னு இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். "ஆடிட்டர் அப்படிப் போடச் சொன்னாருங்கண்ணா, வேற ஒண்ணும் இல்ல."

செட்டிபாளையத்துல ட்ராக்குக்குள்ள விடறதுக்கு முன்னாடி வண்டியைச் சோதிப்பாங்க. அங்க இருந்த பெரியவரு எதையும் அளக்கலைங்க. கையில இருந்த ஸ்பேனரால லேசா ஒரு தட்டு. வெங்கலப் பானையத் தட்டின மாதிரி கணீர்னு கேட்டுச்சு. என் மூஞ்சியப் பார்த்தாரு. ஹெல்மெட்டைப் போட்டு உக்காரச் சொல்லி, பார் உச்சியிலிருந்து முன் கண்ணாடி மேல்விளிம்புக்கு ஒரு வெளக்குமாத்துக் குச்சியை வெச்சாரு. ஹெல்மெட்டு அந்தக் குச்சிக்கு ரெண்டு இஞ்சாவது கீழ இருக்கணும். என் ஹெல்மெட்டு குச்சியையே தூக்கிருச்சு. "தம்பி, இந்தக் கம்பிக்கு முன்னாடி உங்க தலைதான் தரையைத் தொடும். வண்டியை ஓரமா விட்டுட்டு வேடிக்கை பாருங்க." சுத்தியும் பசங்க நின்னுட்டு இருந்தாங்க.

நேரா கோயம்புத்தூர் கணபதில நமக்குத் தெரிஞ்ச லேத்துக்காரர்கிட்ட கொண்டுபோனேன். அவரு பக்கத்துப் பட்டறைலருந்து அல்ட்ராசோனிக் திக்னஸ் கேஜ் வாங்கிட்டு வந்தாரு. ஒரு இடத்துல கோட்டிங்கை எமரி போட்டுச் சுரண்டி, ஒரு சொட்டு கிரீஸ் வெச்சு, ப்ரோபை அழுத்தினாரு. எண்ணு கொஞ்சம் ஆடி நின்னுச்சு: 1.2. வேற இடம், 1.2. "மாப்ள, இது 18 கேஜுடா. மாடிப்படி கைப்பிடிக்கும் கேட்டுக்கும் போடற பைப்பு"ன்னாரு. கேஜ் எண்ணு ஏற ஏறக் கனம் குறையும்; 2 மில்லின்னா 14 கேஜ் வரணும். இது பாதிக்குக் கொஞ்சம்தான் மேல.

கழட்டினோம். கழட்டக் கழட்டத்தான் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. வளைவுல உள்பக்கம் பைப்பு நெளிஞ்சு மடிஞ்சிருக்கு, அதுக்கு மேல பட்டி போட்டுத் தேச்சு கோட்டிங் அடிச்சிருக்காங்க. அதே வளைவுல குறுக்கால அளந்தா ஒரு பக்கம் 50, மறுபக்கம் 42. சின்ன அளவைப் பெரிய அளவால வகுத்தா 0.9-க்குக் குறையக்கூடாதுங்கிறது அந்தப் பையன் ஒப்பிச்ச அதே விதிப் புத்தகத்துல இருக்கு. இது 0.84. முனையில விரலை விட்டா உள்ள வெல்டிங் தையல் நெரடுது, அப்ப சீம்லெஸ்ஸும் பொய்.

இதெல்லாத்தையும்கூடப் பொறுத்துக்கலாம்ங்க. காலை எங்க முடுக்கியிருக்காங்கன்னு பார்த்ததும்தான் கை நடுங்கிருச்சு. சேஸி டியூப்புல இல்ல. அதுலருந்து ஒரு சாண் தள்ளி, வெறும் ஃபைபர் தரையில! அடியில தகடு இல்ல, ரூவாக்காசு அகலத்துல வாஷரு. மெயின் ஹூப் காலைப் பாடில முடுக்கறதுன்னாலே அடியில 3 மில்லி கனத்துல 120 சதுர சென்டிமீட்டர் தகடு வெக்கணும், காலுக்கு மூணு போல்ட்டு, அது தலையில பலத்தைக் காட்டற 8.8ங்கிற எண்ணு அடிச்சிருக்கணும். இங்க காலுக்கு ரெண்டு, தலையில ஒரு எழுத்தும் இல்ல. வண்டி கவுந்திருந்தா தரையைப் பிச்சுக்கிட்டு அந்தக் கம்பியே எங்க முதுகுல இறங்கியிருக்கும். அதை நம்பி வீட்டுலயும் குழந்தையும் பக்கத்துல உக்காந்து வந்தாங்க.

எடை போட்டோம். அடித்தட்டோட சேர்த்து 8 கிலோ சொச்சம். அஞ்சு மீட்டர் பைப்பு, சொன்ன அளவுல இருந்திருந்தா பைப்பு மட்டுமே 12 கிலோ கிட்ட வரும். 68,000-க்கு 8 கிலோ. கிலோ 8,000 ரூபாய்க்குக் கேட் பைப்பு வாங்கின ஒரே ஆளு இந்தக் கொங்கு நாட்டுல நான்தான்.

இனி கடைக்காரங்க கதை. முதல் ஃபோன்ல: "கோட்டிங் மேல கேஜ் வெச்சா தப்பாத்தான் காட்டுமுங்கண்ணா." சுரண்டிட்டு வெச்சோம்னதும்: "ஃபிட்டர் நோம்பிக்கு ஊருக்குப் போயிருக்காப்ல, வந்ததும் கேட்டுச் சொல்றேன்." அந்த நோம்பி இன்னமும் முடியல. நேர்ல போனா ஓனர் சென்னையிலயாம், ஆனா அவரு காரு ஷெட்டுக்குள்ள நிக்குது. அங்க இருந்த பையன் "பைப்பு வேணா மாத்தித் தர்றோமுங்க, லேபர் 30,000 தனி"ங்கிறான். வாட்ஸ்அப்ல ஃபோட்டோ எல்லாம் அனுப்பினேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. கடைசியா ஒரு நாள் ஓனரே லைன்ல வந்து சொன்னதுதான் இதை எழுத வெச்சுச்சு: "பில்லுல ஸ்டைலிங் பார்னுதானுங்க போட்டிருக்கு. நீங்க என்ன ரேஸா ஓட்டறீங்க? நிதானமாப் போறவங்க வண்டி எதுக்குங்க கவுரப் போகுது?" ட்ராயர்லருந்து துண்டு பைப்பை எடுத்து "உசுரு சமாச்சாரம்"னு சொன்ன அதே வாயி.

கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டேன். அன்னைக்கே பதில் வந்துச்சு, 5,000 தர்றேன், எடுத்துருங்கன்னு. 68,000 எங்க, 5,000 எங்க?

விலாவாரியா எழுதறேன்னு சொல்லியிருந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. அவசரத்துக்கு இதைப் பிடிச்சுக்குங்க. மாதிரித் துண்டை நம்பாதீங்க, உங்க வண்டிக்கு வளைச்ச பைப்பை பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி போய்ப் பாருங்க. மில்லிமீட்டர் கணக்குல, விட்டத்துல கனத்தைக் கழிச்சு, கனத்தால பெருக்கி, 0.02466-ஆல பெருக்கினா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துரும். தராசுல வெச்சுப் பாருங்க, தராசு வாய் பேசாது. காலு சேஸில இறங்குதான்னு வண்டியைத் தூக்கி அடியில பாருங்க. பில்லுல பைப்போட அளவு எழுதலைன்னா மிச்சப் பணத்தைக் குடுக்காதீங்க. ஆர்.டி.ஓ.வை நாங்க பாத்துக்கறோம்னு சொன்னாலும் நம்பாதீங்க, ஆர்.சி.ல இருக்கிறதுக்கு மாறா வண்டியை மாத்தறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்க நிக்குது, 2019-ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லியிருக்கு.

தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு ஃபோன் பண்ணிப் புகாரைப் பதிஞ்சாச்சு. 5 லட்சத்துக்குள்ளன்னா நுகர்வோர் கமிஷன்ல கட்டணமும் கிடையாது, அதனால அங்கயும் போடப் போறேன். கேஸ் நடக்கப் போறதால கடை பேரை யாரும் கேக்காதீங்க. பைப்பு பட்டறையில கிடக்கு. யாருக்காவது கேட்டுக்குக் கைப்பிடி வேணும்னா சொல்லுங்க.