முதல் வருகையா, நடுவிலா, அணிவகுப்பா: பட்டாளப் பயிற்சியில் இருக்கும் பிள்ளையை எப்போது போய்ப் பார்ப்பது?

எதிர் லயத்து அக்காவின் மகள் ராணுவத்தில் சேர்ந்திருக்கிறாள். பிள்ளையைப் போர்ட்டிக்சன் பயிற்சி முகாமில் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலை, பசியாறக்கூட இல்லை, அக்கா எங்கள் வாசலில் நிற்கிறார். "தங்கச்சி, உங்க தம்பிய நீங்கல்லாம் எப்ப போயிப் பாத்தீங்க? எனக்கு மூணு நாள் லீவுதான் மிச்சம். ஒரு தடவைதான் போக முடியும்போல. எப்பப் போறது?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நாங்கள் மூன்று தடவை போனோம். அதில் ஒன்று தப்பு, ஒன்று கூத்து, ஒன்றுதான் உருப்படி. அக்காவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது வெறும் பாசக் கேள்வி இல்லை, லீவுக் கணக்கும்கூட. நம் மலேசிய வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு வருடத்துக்குச் சம்பளத்தோடு 8 நாள்தான் விடுப்பு. இரண்டு ஆண்டு ஆனால் 12, ஐந்து ஆனால் 16. அதில் தைப்பூசம், பிள்ளைகள் பள்ளிக்கூடம், யார் வீட்டிலாவது ஒரு சாவு என்று போனது போக மிச்சம் இருப்பதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எங்கள் அம்மா தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிறவர். அவருக்கு ஒரு நாள் போனால் அந்த நாள் பொறுக்கியது போச்சு.

ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேரும் பிள்ளைகளைப் பெராஜூரிட் மூடா என்பார்கள். அவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி ஆறு மாதம். தம்பி இருந்தது போர்ட்டிக்சனில், புசாஸ்டா என்கிற தரைப்படை அடிப்படைப் பயிற்சி மையத்தில். பி.எல்.கே.என். என்கிற 45 நாள் தேசிய சேவைப் பயிற்சிக்குப் போன பிள்ளைகளுக்கு இந்த அலசலே தேவையில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் திரும்பிவிடுவார்கள். எந்தத் தேதியில் பார்க்க விடுவார்கள் என்பது அணிக்கு அணி மாறும், முகாமிலிருந்து வரும் தகவலைத்தான் நம்ப வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்படி இருந்ததே என்று கிளம்பினால் கேட்டிலிருந்து திரும்பி வர வேண்டியதுதான். எங்கள் காலத்தில் இரண்டாம் மாதத்தில் ஒரு வருகை நாள், நான்காம் மாதத்தில் ஒன்று, கடைசியில் தாமாட் லத்திஹான் என்கிற பயிற்சி நிறைவு அணிவகுப்பு, அதன் பிறகு வீட்டுக்கு விடுப்பு.

முதல் வருகை நாளுக்குத்தான் எல்லாரும் பறப்பார்கள். நாங்களும் பறந்தோம். பிள்ளை போய் ஏழு வாரம். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். எப்போதாவது சில நிமிடம் குரல் கேட்கும், அவ்வளவுதான். அம்மா முந்தின இரவே ஆட்டிறைச்சி பிரட்டி, விடியற்காலை மூன்று மணிக்குச் சோறு வடித்து, தூக்குச்சட்டியைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கூடாரத்தின் கீழே பாய் விரித்து உட்கார்ந்தோம். தம்பி வந்தான். மொட்டைத் தலை, ஒட்டிய கன்னம், கழுத்து மட்டும் கறுகறுவென்று. சோற்றை அள்ளி அள்ளி, தலை நிமிராமல், ஐந்தே நிமிடத்தில் தின்று முடித்தான். நடுவில் யாரோ ஒரு சீருடைக்காரர் பக்கமாக நடந்து போக, வாயில் சோற்றோடு விறைத்து எழுந்து நின்றான். அவர் இவனைப் பார்க்கக்கூட இல்லை. அதைக் கண்டதும் அம்மாவுக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. அதற்குப் பிறகு யார் என்ன பேசியும் நிற்கவில்லை.

கிளம்பும்போது தம்பி என் பக்கத்தில் வந்து, "அக்கா, நானும் உங்ககூட வந்துரவா?" என்றான். விளையாட்டுக்குக் கேட்டானா நிஜமாகவே கேட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "போடா" என்று மட்டும் சொன்னேன்.

பிற்பாடு அவனே சொன்னான்: "ஆறு மாசத்துலயே அந்த விசிட் முடிஞ்ச வாரந்தான்க்கா மோசம். நான் அப்பத்தான் வீட்ட நெனைக்காம இருக்கக் கத்துக்கிட்டிருந்தேன். நீங்க வந்து ஞாபகப்படுத்திட்டுப் போயிட்டீங்க." ஏழு வாரத்தில் ஆறியும் ஆறாமலும் இருந்த புண்ணில் நாங்கள் ஆட்டிறைச்சியோடு போய்க் கை வைத்திருக்கிறோம். பார்க்காமல் இருக்க முடியாதது நமக்குத்தானே தவிர அவனுக்கு இல்லை. ஆகவே முதல் வருகையை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, காலில் அடி, வேண்டாம் என்று வந்துவிடப் பார்க்கிறான் என்று காதில் விழுந்தால் அப்போது முதல் வருகை நாள்தான் சரி. ஆனால் அழாத ஆளை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார்.

அடுத்தது அணிவகுப்பு. ஊரில் யாரைக் கேட்டாலும் அதுதான் என்பார்கள். பெருமைக்கு அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளையைப் பார்ப்பதற்கு?

பதினாலு பேர் உட்காரும் வேன் பேசினோம். பெரியம்மா, மாமா பிள்ளைகள், எண்பது தாண்டிய ஆயா, எல்லாரும் ஏறியாச்சு. நள்ளிரவு ஒரு மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் வந்தது இரண்டரைக்கு. தாப்பாவில் பெரியம்மாவுக்குத் தலை சுற்றல், ரவாங்கில் பிள்ளைக்கு வாந்தி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாத்தியம் முழங்க அணி நடந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே உடை, ஒரே உயரம்போல, ஒரே முகம்போல. ஆயா ஒருவனைச் சுட்டி "அதோ நம்ம பிள்ள" என்றார். அணிவகுப்பு முடியும்வரை அவனுக்கே கையாட்டிக்கொண்டிருந்தார். நம் பிள்ளை அந்தப் பக்கம் மூன்றாவது வரிசையில் நின்றிருக்கிறான். யார் பெற்ற பிள்ளையோ, ஆயாவின் ஆசீர்வாதம் முழுக்க அவனுக்குப் போய்விட்டது.

முடிந்ததும் தள்ளுமுள்ளு. ஆளாளுக்குப் படம். தம்பியின் தோளில் எத்தனை கை விழுந்தது என்று எண்ண முடியாது. தனியாக நான் அவனிடம் பேசியது, "சாப்பிட்டியா?", "ம்." அவ்வளவுதான். செலவுக் கணக்கில் மூன்று பயணத்திலும் இதுதான் அதிகம், லீவிலும் இதுதான் அதிகம். வார நாளில் வைத்திருந்ததால் அன்றைக்கு ஒரு நாள், அசந்து கிடந்த மறுநாள் ஒன்று என்று இரண்டு நாள் காலி.

இருந்தும் ஆயாவை அழைத்துப் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப்பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. 1960 வரை இழுத்த அந்த வருடங்களில் வளர்ந்தவர் ஆயா. பட்டாளத்து லாரிச் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் ஓடி ஒளிந்த பிள்ளை என்று தன்னைப் பற்றியே சொல்வார். கூட்டம் கொஞ்சம் விலகியதும் தம்பியின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். "துணி நல்லா கெட்டியா இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதனால் வீட்டில் வயதானவர் இருந்தால் அவருக்காக அணிவகுப்புக்குப் போங்கள். பிள்ளையோடு பேச வேண்டும் என்று போகாதீர்கள்.

போகிறவர்கள் முந்தின நாளே போர்ட்டிக்சன் போய்த் தங்கிவிடுவது நல்லது. நேரம் இருந்தால் அங்கே ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது, காசில்லாமல் பார்க்கலாம். மலாய் ரெஜிமெண்டே 1933ல் வெறும் 25 பேரோடு அந்த ஊரில்தான் ஆரம்பித்தது. எங்கள் வேன் பிள்ளைகளுக்கு முகாமைவிட அங்கே நிற்கும் பீரங்கிகள்தான் பிடித்தன.

சரி, அந்த உருப்படியான பயணத்துக்கு வருகிறேன். நான்காம் மாதம். அம்மாவுக்கு வேலை, காசும் இறுக்கம், ஆகவே நானும் அப்பாவும் மட்டும். இங்கே ஈ.டி.எஸ். ரயில் ஏறி கோலாலம்பூர், அங்கிருந்து கே.டி.எம். கொம்யூட்டரில் சிரம்பான், அப்புறம் பஸ்ஸில் போர்ட்டிக்சன். முந்தின நாளே போய் ஒரு மலிவான அறையில் படுத்தோம். ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறிப் போவது அலுப்புதான். வயதானவர்களோடு இந்த வழி வேண்டாம். நாலு பேர் என்றால் சொந்தக் காடியே லாபம், டோலும் பெட்ரோலும் சேர்த்துப் பங்கு போட்டால் ஆளுக்கு அறுபது வெள்ளி வரும்.

தம்பி நடந்து வந்த விதமே வேறாக இருந்தது. உட்கார்ந்தான், மெதுவாகச் சாப்பிட்டான், நடுநடுவே சிரித்தான். உள்ளங்கையை விரித்துக் காய்ப்பைக் காட்டினான், அப்பா தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முப்பது வருடம் குலை வெட்டிய கை. "இன்னும் பத்தாதுடா" என்றார். கூட்டாளிகள் பெயர் சொன்னான், ஒருவன் சரவாக் கப்பிட்டிலிருந்து வந்த இபான் பையன், ஒருவன் கிளந்தான் பாசிர் மாஸ்காரன். பாதி தாண்டிவிட்டது, முடிவு கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

முக்கியமான பேச்சும் அன்றைக்குத்தான் நடந்தது. பயிற்சி முடிந்ததும் எந்தப் பிரிவு என்பது அவன் மனதை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரப் பிள்ளைகளுக்கு மட்டும். காலாட்படைக்கு ஆசைப்படும் நம் பிள்ளைகள் பார்ப்பது எல்லா இனத்தாரும் இருக்கிற ரெஞ்சர் ரெஜிமெண்டை. தம்பிக்கு அதில் ஆசை. அப்பாவோ லாரியும் ஸ்டோரும் பார்க்கும் பிரிவு ஏதாவது கிடைத்தால் பின்னால் வெளியே வேலைக்கு உதவும் என்றார். இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசினார்கள். வீட்டில் இருந்தபோது இந்த அப்பாவும் மகனும் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை. முதல் வருகையில் இது நடந்திருக்காது, அழுகையில் போயிருக்கும். அணிவகுப்பில் நடந்திருக்கவே முடியாது, அப்போது எல்லாம் முடிவாகியிருக்கும்.

இன்னொன்று, நடுவில் போனால்தான் என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரிகிறது. ஆட்டிறைச்சி கேட்கவில்லை. கறுப்புக் காலுறை, கால் பவுடர், பூட்ஸ் பாலிஷ், கொப்புளத்துக்குப் பிளாஸ்டர். இதைத்தான் கேட்டான்.

நாலாவது வழி, எங்கும் போகாமல் விடுப்பில் வீட்டுக்கு வரட்டும் என்று இருப்பது. செலவில்லை. ஆனால் வந்த பிள்ளை இரண்டு நாள் தூங்குவான், மூன்றாம் நாள் கூட்டாளிகள் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள், மிச்சத்தை உறவுக்காரர்கள் பங்கு போடுவார்கள். கடற்படைக்குப் போன பிள்ளை என்றால் நடுவில் போய்ப் பார்ப்பதும் கஷ்டம். அவர்களுக்குப் பயிற்சி ஜொகூர் தஞ்சோங் பெங்கெலேயில், இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்துக்கு அணிவகுப்பு ஒன்றே போதும் என்பேன்.

எப்போது போனாலும் ஐ.சி., அதாவது அடையாள அட்டை, மறக்கக் கூடாது. அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை, ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். வாசலில் துப்பாக்கி நீட்டிய படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கும், அதைத் தாண்டிப் படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்பது நல்லது. தூக்குச்சட்டியோடு திரும்பி வந்த குடும்பங்களும் உண்டு.

அக்காவுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இதுதான். எங்களுக்கு வந்த மாதிரி நடு வருகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கிளம்பலாம், திங்கள் ஒரு நாள் லீவு. அணிவகுப்புக்கு இரண்டு. மூன்று நாளும் சரியாகப் போச்சு, ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்தாச்சு. முதல் வருகையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன்.

அக்கா முகம் சுருங்கிவிட்டது. "அதெப்படி தங்கச்சி, எல்லாப் பிள்ளைக்கும் ஆளு வந்திருக்கும், எம்பொண்ணு மட்டும் வாசலப் பாத்துக்கிட்டு நிக்குமே." அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் அம்மாவும் இல்லை, அக்காவுக்கோ பெண்பிள்ளை. தம்பிக்குச் சரிப்பட்டது அவளுக்கும் சரிப்படும் என்று அடித்துச் சொல்ல நான் யார்?

கடைசியில் அக்காவே வழி கண்டுபிடித்தார். முதல் வருகைக்கு அவர் தம்பி போவார், லாரி ஓட்டுகிறவர், அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. நேற்று மாலை பட்டணத்திலிருந்து வரும்போது அக்கா கையில் கறுப்புக் காலுறை ஆறு ஜோடி இருந்தது. அவர் மகளுக்கும் எனக்கும் ஒரே அளவாம். என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, ஒன்றைப் பிரித்து என் காலில் மாட்டி இழுத்துப் பார்த்தார்.