“தங்கம் மாதிரிதான்மா” என்று சொல்லி விற்ற வைரத்தோடு

வைரத்தோடு வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக மகள் கல்யாணத்துக்கு வாங்கப் போகிறவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2019 ஆவணியில் 1,68,096 ரூபாய் கொடுத்து வாங்கிய ஏழு கல் தோட்டை 2025 ஆனியில் விற்றோம். கைக்கு வந்தது 92,000. அதிலும் 71,000 தங்கத்துக்கு வந்த பணம். வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

என் மாமியாருக்கு ஏழு கல் தோடு இருந்தது. விசேஷ வீட்டில் அவர் தலையைத் திருப்பினால் கூடத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அதை அவர் தன் மூத்த மகளுக்குக் கொடுத்தார், அதுதான் முறை. என் மகளுக்கும் அப்படி ஒன்று போட்டு அனுப்ப வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. சீட்டுப் பணம் எடுத்து, வங்கியில் கொஞ்சம் எடுத்து, திருச்சியில் ஒரு பெரிய கடைக்குப் போனோம்.

விற்பனையாளர் நல்ல மரியாதையாகப் பேசினார். “ப்ளூ ஜாக்கர் கல்லும்மா, இப்பல்லாம் கிடைக்கிறதே இல்ல” என்றார். மாமியார் வாயில் அந்தப் பெயரைக் கேட்டிருந்ததால் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. அது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்பொன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் என்பதும், அந்தச் சுரங்கத்தை 1971-லேயே மூடிவிட்டார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. இன்று கடையில் அந்தப் பெயரைச் சொன்னால், வெயிலில் இலேசாக நீலம் அடிக்கும் வெள்ளைக் கல் என்று மட்டும்தான் அர்த்தம்.

பில்லில் இப்படிப் போட்டார்கள்: 14 கல், 1.40 காரட், காரட் 90,000 வீதம் 1,26,000. தங்கம் 8 கிராம், 3,650 வீதம் 29,200. செய்கூலி 8,000. அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. என் கணவர், “பின்னாடி பணமுடைன்னா இதை விக்க முடியுமா?” என்று கேட்டார். “தங்கம் மாதிரிதான்மா. எப்ப கொண்டுவந்தாலும் 90 சதவீதம் எடுத்துக்குவோம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார் விற்பனையாளர். கூடவே தோட்டின் பின்பக்கம் இருந்த ஹால்மார்க் முத்திரையையும் காட்டினார். அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும். அதில் பதித்திருக்கும் கல்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

வைரம் எல்லாருக்கும் ராசியாகாது என்பார்கள். அதனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி மூன்று இரவு பூஜை அறையில் வைத்துப் பார்த்தோம். வீட்டில் ஒன்றும் கெட்டது நடக்கவில்லை. ஜாதகத்திலும் சுக்கிரன் நன்றாக இருந்தது. அந்த மூன்று நாளில் அதை ஒரு ஆய்வகத்துக்கு எடுத்துப் போயிருக்கலாம். அந்த யோசனை வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை.

சரி, கிட்டத்தட்ட ஆறு வருடம் ஓடியது. கணவருக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். மகளே தோட்டைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைக்குப் போனால், “பணமாத் தர்றதில்லமா, வேற நகையா மாத்திக்கலாம்” என்று பில்லைத் திருப்பிக் காட்டினார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருந்தது: மாற்றிக்கொள்ள மட்டும், அதுவும் அன்றைய கல் விலையில். அன்றைய கல் விலையை யார் சொல்வது என்று கேட்டேன். “நாங்கதான்” என்றார் மேலாளர். 90 சதவீதம் என்று வாயால் சொன்ன பையன் வேலையை விட்டுப் போய் மூன்று வருடமாம்.

அப்புறம் எங்கள் தெருவுக்குப் பழக்கமான வயதான பத்தர் ஒருவரிடம் போனோம். தோட்டைத் திருப்பிப் பார்த்ததும் அவர் கேட்டது, “இதை எப்படிம்மா எடை போட்டு வாங்கினீங்க?” என்று. எங்கள் தோடு பழைய பாணிக் கட்டடம். கல்லுக்கு அடியில் தகடு வைத்து, சுற்றிலும் தங்கத்தால் அடைத்திருப்பார்கள். குளோஸ் செட்டிங் என்று கடையில் சொல்வது இதைத்தான். அடியில் இருக்கும் தகடு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் சுமாரான கல்லும் ஜொலிக்கும். பின்பக்கம் தெரியாது, ஆழம் தெரியாது, எடை தெரியாது. பில்லில் எழுதியதுதான் எடை. மாமியார் காலத்தில் கல்லைத் தனியாக வாங்கி, வெயிலில் வைத்துப் பார்த்து, எடை போட்டு, பத்தரை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் கட்டச் சொல்வார்களாம். அதே கட்டடம் அவர்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. நாங்கள் கட்டி முடித்ததை வாங்கினோம்.

எங்கள் கண் முன்னால் 14 கல்லையும் எடுத்து எடை போட்டார். 1.22 காரட். அதாவது 0.18 காரட் குறைவு. பில் விலையில் அது மட்டும் 16,200 ரூபாய். டெஸ்டரை வைத்தார், பதினான்குக்கும் பீப் அடித்தது. எனக்கு மூச்சு வந்தது. அவர் தலையை ஆட்டினார். கல் வெப்பத்தைக் கடத்துகிறதா என்று மட்டும்தான் அந்தக் கருவி பார்க்கும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதே கரிமப் படிகம் என்பதால் அதற்கும் அடிக்கும். வைரம் மாதிரியே தெரியும் மோய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் சில கருவிகள் அடிக்கும். சென்னைக்கு அனுப்பிப் பாருங்கள் என்றார். அனுப்பினோம். 14-ல் 6 கல் ஆய்வகத்தில் வளர்த்தவை என்று அறிக்கை வந்தது.

ஆய்வக வைரம் போலி இல்லை, அதுவும் வைரம்தான். அது என்னவென்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்றால் வாங்குகிறவர் விருப்பம். வாரக்கணக்கில் ஒரு இயந்திரத்தில் வளர்ந்ததை மண்ணுக்கடியில் கிடைத்ததோடு கலந்து, ஒரே விலை வாங்கினார்களே, அதைத்தான் மோசடி என்கிறேன். மீதி எட்டுக் கல்லுக்கு 21,000 கிடைத்தது. ஆறு கல்லுக்கு விலையே போடவில்லை. 1,26,000-க்கு வாங்கிய கல் 21,000. 29,200-க்கு வாங்கிய தங்கம் 71,000. இந்த இரண்டு வரியையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது என்றும் அந்த நாட்களில் தேடிப் படித்தேன். 18-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகத்துக்கு வைரம் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் போனது. கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர் போன்ற சுரங்கங்களில் எடுத்து, கோல்கொண்டாவில் விற்றார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை மணிக்கடைத் தெருவைச் சொல்லும் இடத்தில் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் நான்கு குற்றங்களும் வருகின்றன. அவை இல்லாத கல்லைத்தான் நல்ல வைரம் என்று அந்தத் தெருவில் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அது உண்மையிலேயே அரிதான பொருள்.

1867-ல் தென்னாப்பிரிக்காவில் முதல் கல் கிடைத்தது. சில வருடத்தில் கிம்பர்லியில் வைரம் கொட்ட ஆரம்பித்தது. இப்படியே விட்டால் விலை விழுந்துவிடும் என்று சுரங்கங்களை ஒரு கைக்குக் கொண்டுவந்தார்கள். 1888-ல் டி பீர்ஸ் என்ற வைர நிறுவனம் உருவானது அப்படித்தான். சந்தைக்கு எவ்வளவு கல் விட வேண்டும் என்பதைப் பல பத்தாண்டுகள் அவர்களே தீர்மானித்தார்கள். 1947-ல் ‘வைரம் என்றென்றைக்கும்’ என்ற பொருளில் ஆங்கில விளம்பர வாசகம் வந்தது. என்றென்றைக்கும் என்றால் யாரும் திருப்பி விற்க மாட்டார்கள். பழைய கல் சந்தைக்கு வராதவரை புதிய கல்லின் விலை நிற்கும். இன்று உலகச் சுரங்கங்களில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி காரட் எடுக்கிறார்கள். நகைக்குத் தேறுவது அதில் ஒரு பகுதிதான், தோண்டுவதற்கும் சூரத்தில் பட்டை தீட்டுவதற்கும் செலவு உண்டுதான். ஆனாலும் நான் கொடுத்த விலை அந்தச் செலவு மட்டும் இல்லை.

தங்கத்துக்குக் காலையில் பேப்பரைப் பிரித்தால் விலை தெரியும். எந்த ஊர் அடகுக் கடையும் அதை மறுக்காது. வைரத்துக்கு நாம் பார்க்கும்படி அப்படி ஒரு விலை இல்லை. நிறம், சுத்தம், பட்டை என்று கல்லுக்குக் கல் மாறும். காரட் என்ற வார்த்தையே குழப்பும்: தங்கத்தில் அது தரம், வைரத்தில் எடை, ஒரு காரட் என்பது 0.2 கிராம். “தங்கம் மாதிரிதான்மா” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கட்டுவதற்கு முன் கல்லைத் தனியாகக் கேளுங்கள். எதிரில் எடை போடச் சொல்லுங்கள். கடை அச்சடித்த உத்தரவாத அட்டை போதாது, வெளி ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும். ‘இயற்கை வைரம்’ என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் காரணம் இருக்கிறது. திரும்ப எடுக்கும் விலை பணமாகவா, நகையாகவா, எந்த நாள் விலையில் என்பதும் பில்லிலேயே வர வேண்டும். பின்பக்கத்தையும் படியுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு அதுதான் சிக்கல். ஆய்வக அறிக்கை வந்த நாளிலிருந்துதான் கணக்கு என்று எங்கள் வக்கீல் வாதாடப் போகிறார். கணவர் இப்போது நடக்கிறார், அடுத்த வாய்தாவுக்கு அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பில், அறிக்கை, விலைபோகாத அந்த ஆறு கல் எல்லாம் ஒரு குங்கும டப்பியோடு என் கைப்பையில் தயாராக இருக்கின்றன.